நீளமான ஆங்கிலச் சொல்லை எங்கே பிரிப்பது, எங்கே அழுத்துவது?

கேள்வி இது: "ஐந்தாறு அசைக்கு மேல் போகும் ஆங்கிலச் சொல் வந்தாலே நாக்கு தடுமாறுகிறது. இந்த நீளமான சொற்கள் எப்படி உருவாகின்றன? எங்கே அசை பிரிப்பது? உச்சரிப்பை எப்படிக் கண்டுபிடிப்பது?"

ஒரே வரியில் பதில் வேண்டுமென்றால்: பொருளைத் தேட சொல்லின் வயிற்றுக்குள் பாருங்கள், உச்சரிப்பைத் தேட வாலைப் பாருங்கள். ஏன் இரண்டையும் வேறு வேறு இடத்தில் தேட வேண்டியிருக்கிறது என்பதைத்தான் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

ஹெலிகாப்டரிலிருந்து தொடங்கலாம். அப்படியொன்றும் நீளமான சொல் இல்லை, நான்கே அசை: ஹெ-லி-காப்-டர். இதைப் பொருள் பார்த்து இரண்டாக வெட்டச் சொன்னால் எல்லோரும் 'ஹெலி', 'காப்டர்' என்றுதான் வெட்டுவார்கள். ஆங்கிலம் பேசுபவர்களும் அப்படியே வெட்டித்தான் 'ஹெலிபேட்' என்று ஒரு சொல்லைச் செய்துகொண்டார்கள். ஆனால் சொல்லின் உண்மையான மூட்டு அங்கே இல்லை. கிரேக்கத்தில் 'ஹெலிக்ஸ்' என்றால் சுருள், 'ப்டெரோன்' என்றால் சிறகு. ஹெலிகோ, ப்டெர் என்ற இரண்டும் சேர்ந்துதான் ஹெலிகாப்டர். அதாவது பொருளின் மூட்டு 'பி' எழுத்துக்கு முன்னால் இருக்கிறது. வாயின் மூட்டு அதற்குப் பின்னால் இருக்கிறது. ஆங்கிலத்தில் எந்த அசையும் 'ப்ட' என்று தொடங்காது என்பதால், வாய் அந்த 'ப்' ஒலியை முந்தைய அசையோடு ஒட்டிவிடுகிறது. இதே சிறகு டெரொடாக்டில் என்ற பழங்காலப் பறக்கும் ஊர்வனவின் பெயரில் சொல்லின் தலையில் வருகிறது (அதன் பொருள் சிறகுவிரல்). அங்கே சாய்ந்துகொள்ள முன்னால் உயிரொலி எதுவும் இல்லை. அதனால் எழுத்தில் இருக்கும் 'பி' வாயில் செத்துப்போகிறது.

ஆக, ஒவ்வொரு நீளமான சொல்லுக்கும் இரண்டு வகை மூட்டுகள். பொருள் சேரும் இடம் ஒன்று, ஒலி சேரும் இடம் ஒன்று. இரண்டும் ஒரே இடத்தில் விழும் என்று எதிர்பார்ப்பதால்தான் பாதிக் குழப்பம்.

தமிழ் படித்தவர்களுக்கு இது புதிதே இல்லை. 'நூலறிவு' என்ற சொல்லைப் பாருங்கள். பொருள் நூல் + அறிவு என்று பிரிகிறது, வாய் நூ-ல-றி-வு என்று பிரிக்கிறது. "உடல்மேல் உயிர்வந்து ஒன்றுவது இயல்பே" என்று நன்னூல் சொல்வது இதைத்தான். மெய்யில் முடியும் துண்டுக்குப் பின்னால் உயிரில் தொடங்கும் துண்டு வந்தால், மெய் அந்த உயிரோடு போய் ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலத்துக்கும் இது அப்படியே பொருந்தும். இரண்டு உயிரொலிகளுக்கு நடுவில் மாட்டிய மெய்கள், முடிந்தவரை பின்னால் வரும் உயிரோடுதான் போகும். அந்தக் கூட்டு ஒரு ஆங்கிலச் சொல்லின் தொடக்கத்தில் வரக்கூடியதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. 'எக்ஸ்ட்ரா' என்பதை வாய் எக்-ஸ்ட்ர என்று பிரிப்பது அதனால்தான். 'ஸ்ட்ர' என்று தொடங்கும் சொற்கள் ஆங்கிலத்தில் ஏராளம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. அசை என்ற சொல்லைப் பார்த்ததும் யாப்பிலக்கணத்துக்குப் போய்விடாதீர்கள். யாப்பில் 'மலர்' என்பது ஒரே அசை, நிரையசை. ஆங்கிலக் கணக்கில் அது இரண்டு: ம-லர். இந்தப் பதிலில் அசை என்று நான் சொல்வது, ஓர் உயிரொலியும் அதைச் சுற்றி ஒட்டியிருக்கும் மெய்களும் சேர்ந்த துண்டு. எத்தனை உயிரொலி காதில் விழுகிறதோ அத்தனை அசை. கவனிக்கவும், எத்தனை உயிரெழுத்து என்பது கணக்கே இல்லை. 'ஸ்ட்ரெங்த்ஸ்' என்ற சொல்லில் ஒன்பது எழுத்துகள், ஒரே அசை. 'ஏரியா' என்பதில் நான்கே எழுத்துகள், மூன்று அசை. 'க்யூ' என்ற வரிசைக்கு ஐந்து எழுத்து எழுதுகிறோம். முதல் எழுத்தின் பெயரைச் சொன்னாலே முழுச் சொல்லையும் சொன்ன மாதிரிதான்.

எண்ணுவதில் சந்தேகம் வந்தால் பழைய வழி ஒன்று உண்டு. புறங்கையைத் தாடைக்குக் கீழே வைத்துக்கொண்டு சொல்லை மெதுவாகச் சொல்லுங்கள். தாடை எத்தனை முறை இறங்குகிறதோ ஏறக்குறைய அத்தனை அசை. ஏறக்குறைய என்று சொல்லக் காரணம், உயிரொலியே இல்லாமல் மெய் மட்டும் அசையாக நிற்கும் இடங்களும் ஆங்கிலத்தில் உண்டு. 'பாட்டில்' என்று நாம் சொல்லும் சொல்லின் கடைசியில் ஆங்கிலேயர் வாயில் 'இ' என்ற ஒலி கிடையாது, வெறும் 'ல்' மட்டும் கொஞ்சம் நீண்டு நிற்கும். நாம் செய்யும் தவறு இதற்கு நேர்மாறு: இல்லாத உயிரைச் செருகுகிறோம். 'ஃபிலிம்' என்று நாம் இரண்டு அசையில் சொல்வது அங்கே ஒரே அசை. 'வாக்' என்ற வினையின் இறந்தகாலத்தை 'வாக்கெட்' என்று இரண்டு அசையாக்குகிறோம். அது 'வாக்ட்', ஒன்றே ஒன்றுதான். சிறிய சொல்லிலேயே இப்படி அசையைக் கூட்டினால், நீளமான சொல் இன்னும் நீண்டுபோகாமல் என்ன செய்யும்?

சரி, இந்தச் சொற்கள் எப்படி இவ்வளவு நீளமாகின்றன?

தமிழில் சொல் வலப்பக்கமாகத்தான் வளரும். 'வந்துகொண்டிருந்தவர்களிடமிருந்து' எவ்வளவு நீண்டாலும் வேர் எப்போதும் தலையில் இருக்கும். ஆங்கிலச் சொல் இரு பக்கமும் வளரும், அதனால் வேர் வயிற்றுக்குள் போய்விடுகிறது. எல்லோரும் எடுத்துக்காட்டாகச் சொல்லும் 28 எழுத்துச் சொல்லையே எடுத்துக்கொள்வோம்: ஆன்டிடிஸ்எஸ்டாப்ளிஷ்மென்டேரியனிஸம். வேர் நடுவில் இருக்கும் 'எஸ்டாப்ளிஷ்', நிறுவு. அதோடு 'மென்ட்' சேர்ந்தால் நிறுவப்பட்டது. இங்கே குறிப்பாக, அரசின் ஆதரவோடு நிற்கும் இங்கிலாந்துத் திருச்சபை. முன்னால் 'டிஸ்' வந்தால் அந்த அரசுத் தொடர்பை அறுப்பது. பின்னால் 'ஏரியன்' வந்தால் அதை வேண்டுபவர். அதற்கும் முன்னால் 'ஆன்டி' வந்தால் அவருக்கு எதிரி. கடைசியில் 'இஸம்', கொள்கை. ஆறு துண்டுகள். பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரிட்டிஷ் அரசியலில் இது உண்மையான சண்டை. அயர்லாந்துத் திருச்சபையை அரசிலிருந்து பிரிக்கும் சட்டம் 1869-இல் நிறைவேறி 1871-இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் இன்றைக்கு இந்தச் சொல்லை யாரும் கொள்கையைப் பற்றிப் பேசப் பயன்படுத்துவதில்லை, நீளத்தைப் பற்றிப் பேசத்தான் பயன்படுத்துகிறார்கள். நானும் அதையேதான் செய்கிறேன்.

இதையே வாயால் பிரித்தால் பன்னிரண்டு அசை: ஆன்-டி-டிஸ்-எஸ்-டாப்-ளிஷ்-மென்-டேர்-இ-அன்-இ-ஸம். ஏழாவது, எட்டாவது அசைகளைக் கவனியுங்கள். பொருளில் 'மென்ட்' ஒரு துண்டு, 'ஏரியன்' ஒரு துண்டு. வாயில் அந்த 'ட்' கட்சி மாறி 'டேர்' ஆகிவிட்டது. உடல்மேல் உயிர் வந்து ஒன்றிவிட்டது.

துண்டுகள் எந்த வரிசையில் சேர்ந்தன என்பதும் பொருளை மாற்றும். 'அன்லாக்கபிள்' என்ற சொல்லில் 'அன்' முதலில் ஒட்டினால் பூட்டைத் திறக்கக்கூடியது. 'அபிள்' முதலில் ஒட்டினால் பூட்டவே முடியாதது. ஒரே சொல், நேர் எதிரான இரண்டு பொருள்.

மூட்டில் ஒலி திரிவதும் நமக்குப் பழகிய சங்கதிதான். மரம் + கள் சேர்ந்தால் 'மரங்கள்' ஆகிறது. 'க' ஒலி பிறக்கும் இடத்துக்கு ஏற்ப 'ம்' தன்னை மாற்றிக்கொள்கிறது. ஆங்கிலத்தில் 'இன்' என்ற எதிர்மறை முன்னொட்டும் அதே வேலையைத்தான் செய்கிறது. 'பாசிபிள்' முன்னால் வந்தால் இம்பாசிபிள், 'லீகல்' முன்னால் இல்லீகல், 'ரெகுலர்' முன்னால் இர்ரெகுலர். இவை லத்தீனிலேயே நடந்த புணர்ச்சிகள், ஆங்கிலம் அப்படியே வாங்கிக்கொண்டது. எழுத்துக்கூட்டலில் ஏன் இரண்டு 'எல்', ஏன் இரண்டு 'ஆர்' என்று தடுமாறுபவர்களுக்கு இது உதவும். ஒன்று முன்னொட்டுடையது, ஒன்று வேருடையது.

இப்போது உச்சரிப்பு. நீளமான சொல்லில் நம் உச்சரிப்பு தவறுவது பெரும்பாலும் ஒலியால் இல்லை, அழுத்தத்தால். தமிழில் ஒவ்வொரு அசைக்கும் ஏறக்குறைய சமமான மரியாதை உண்டு. குறிலா நெடிலா என்பதுதான் நமக்கு முக்கியம். ஆங்கிலத்தில் ஒரு சொல்லுக்கு ஒரே ராஜா; அந்த ஓர் அசை மட்டும் கொஞ்சம் உரக்க, கொஞ்சம் நீண்டு, கொஞ்சம் உயர்ந்த குரலில், தெளிவான உயிரொலியோடு வரும். மற்றவை ஒதுங்கி நிற்கும். நெடுநாள் முன்பு ஓர் இணையவழிக் கூட்டத்தில் 'கம்பேரபிள்' என்று இரண்டாவது அசையில் அழுத்தி மூன்று முறை சொன்னேன், எதிரில் இருந்தவருக்கு மூன்று முறையும் புரியவில்லை. எழுதிக் காட்டியதும், "ஓ, ˈகாம்-ப்ர-பிள்" என்றார். ஒலியெல்லாம் கிட்டத்தட்ட சரிதான். ராஜாவை மாற்றிவிட்டேன், அதுதான் பிரச்சினை.

(அழுத்தம் விழும் அசைக்கு முன்னால் அகராதிகள் போடுவது போல ஒரு சிறு கோடு போட்டிருக்கிறேன். கீழேயும் அப்படித்தான். தமிழ் எழுத்தில் எழுதும்போது ஒலி கொஞ்சம் நழுவத்தான் செய்யும், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

அழுத்தம் நகர்ந்தால் என்ன ஆகிறது என்பதற்கு ஒரே குடும்பத்தின் மூன்று பேரைப் பாருங்கள். ˈஃபோ-ட-க்ராஃப் என்பது படம். அதை எடுப்பவர் ஃப-ˈடா-க்ர-ஃபர். அது தொடர்பானது ஃபோ-ட-ˈக்ரா-ஃபிக். மூன்றிலும் முதல் பத்து எழுத்துகள் ஒன்றே. ஆனால் முதல் சொல்லில் கம்பீரமாக நின்ற 'ஃபோ', இரண்டாவதில் 'ஃப' என்று வாடிவிடுகிறது. முதலில் வாடிக் கிடந்த 'ட' இரண்டாவதில் 'டா' என்று எழுந்து நிற்கிறது. அழுத்தம் விட்டுப்போன உயிர், எந்த எழுத்தில் எழுதப்பட்டிருந்தாலும், பெரும்பாலும் 'அ' போன்ற ஒரு மங்கிய ஒலியாகச் சுருங்கிவிடும். இதற்கு ஷ்வா என்று பெயர். எபிரேய இலக்கணத்திலிருந்து வந்த பெயர். ஆங்கிலத்தில் மிக அதிகமாகக் காதில் விழும் உயிரொலி இதுதான், ஆனால் இதற்கென்று ஓர் எழுத்துக்கூட இல்லை. நமக்குக் குற்றியலுகரம் தெரியும். 'நாடு' என்ற சொல்லின் கடைசி உகரம் எப்படி உதடு குவியாமல் அரை மாத்திரையில் தேய்கிறதோ, அப்படித்தான் இதுவும். நம் தேய்வு சொல்லின் கடைசியில் மட்டும். அவர்களுடையது சொல் முழுக்க. நீளமான சொல்லில் எல்லா உயிரையும் எழுத்தில் உள்ளபடி முழுசாகச் சொல்ல முயன்றால் மூச்சு வாங்குவது அதனால்தான். அவர்களே அப்படிச் சொல்வதில்லை.

சரி, ராஜா எந்த அசை என்று எப்படித் தெரியும்? இங்கேதான் வால் வருகிறது. நீளமான ஆங்கிலச் சொற்களில் பெரும்பாலானவை லத்தீன், கிரேக்கப் பின்னொட்டுகளில் முடிபவை. அந்தப் பின்னொட்டுதான் அழுத்தத்தைத் தீர்மானிக்கிறது.

'எலக்ட்ரிக்' குடும்பத்தை வைத்து இதைக் கிட்டப் பார்க்கலாம். 'இக்' என்று முடியும் சொல்லில் அழுத்தம் அதற்கு முந்தைய அசையில்: இ-ˈலெக்-ட்ரிக். 'இட்டி' என்று முடிந்தாலும் முந்தைய அசையில்தான், ஆனால் இப்போது முந்தைய அசை வேறு: இ-லெக்-ˈட்ரி-சி-டி. தொழில் செய்பவரைக் குறிக்கும் 'இஷன்' வந்தால் இ-லெக்-ˈட்ரி-ஷன். அழுத்தம் நகர்வது மட்டுமில்லை, 'சி' என்ற ஒரே எழுத்து முதலில் 'க்' ஆகவும், பிறகு 'ஸ்' ஆகவும், கடைசியில் 'ஷ்' ஆகவும் ஒலிக்கிறது. எழுத்து மாறவே இல்லை. ஆங்கில எழுத்துக்கூட்டலைத் திட்டுவது எல்லோருக்கும் பிடிக்கும், எனக்கும்தான். ஆனால் இந்த இடத்தில் அது ஒரு நல்ல காரியம் செய்கிறது: ஒலி எப்படிப் போனாலும் மூன்றும் ஒரே வேர் என்பதைக் கண்ணுக்குக் காட்டிவிடுகிறது. 'சைன்' என்ற சொல்லில் ஊமையாகக் கிடக்கும் 'ஜி' எதற்கு என்று கேட்பவர்கள் 'சிக்னேச்சர்', 'சிக்னல்' இரண்டையும் சொல்லிப் பார்க்கட்டும். அங்கே அது பேசுகிறது.

'ஷன்' என்ற ஒலியில் முடியும் சொற்களும் இதே வகைதான், அழுத்தம் அதற்கு முந்தைய அசையில்: எக்ஸாமினேஷன் என்பது இக்-ஸா-மி-ˈனே-ஷன். விதிவிலக்குகள் உண்டு. 'டெலிவிஷன்' முதல் அசையில் அழுத்தம் பெறும். 'இக்' வகையில் கேத்தலிக், அரபிக், பாலிடிக்ஸ், ரெட்டரிக் எல்லாம் முதல் அசையில். இவற்றைத் தனியாகத்தான் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். எண்ணிக்கை குறைவு என்பதால் கஷ்டமில்லை.

'லஜி', 'கிரஃபி', 'க்ரஸி', 'நமி' என்று முடிந்தால் கடைசியிலிருந்து மூன்றாவது அசை. பயாலஜி என்பது பை-ˈஆ-ல-ஜி. டெமாக்ரஸி என்பது டி-ˈமா-க்ர-ஸி. அதுவே 'இக்' வாலைக் கட்டிக்கொண்டால் டெ-ம-ˈக்ரா-டிக். அளவிடும் கருவிகளுக்கு வரும் 'மீட்டர்' என்ற முடிவிலும் இப்படித்தான். நாம் 'தெர்மா மீட்டர்' என்று இரண்டு சொல் மாதிரிச் சொல்வது, அங்கே த-ˈமா-மி-டர். பொருளின் மூட்டை நம்பி வாயைப் பிரித்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

அழுத்தத்தைத் தானே எடுத்துக்கொள்ளும் பின்னொட்டுகளும் சில உண்டு: இன்-ஜி-ˈனியர், வா-லன்-ˈடியர், ஜா-ப-ˈனீஸ்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது, சாதுவான கூட்டம். நெஸ், மென்ட், ஃபுல், லெஸ், லி, இங். இவை வந்து ஒட்டினால் அழுத்தம் அசையவே அசையாது. 'மென்ட்' தவிர மற்றவை ஆங்கிலத்தின் சொந்த ஜெர்மானியப் பரம்பரை. 1066-இல் நார்மானியர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சு வழியாகவும், பின்னர் அறிஞர்கள் வழியாக நேரடியாகவும் வந்து குவிந்த லத்தீன், கிரேக்கப் பின்னொட்டுகள்தான் அழுத்தத்தை இழுத்தடிப்பவை. டி-ˈவெ-லப் தெரிந்தால் டி-ˈவெ-லப்-மென்ட் தானாக வந்துவிடும். நாம் பலரும் 'டெ' என்று முதல் அசையை ஓங்கிச் சொல்வது பழக்கத்தால் வந்தது.

பின்னொட்டே இல்லாத, லத்தீன் சாயலில் இருக்கும் சொற்களுக்கு இன்னொரு விதி. இதைத் தமிழ் தெரிந்தவருக்குச் சொல்வது எளிது, ஏனென்றால் இதுவும் குறில், நெடில், ஒற்று என்ற கணக்குதான். கடைசிக்கு முந்தைய அசையைப் பாருங்கள். அதில் நெடில் இருந்தாலோ, ஒற்றில் முடிந்தாலோ அழுத்தம் அங்கேயே நிற்கும்: அ-ˈரோ-ம, அ-ˈஜென்-ட, வ-ˈரான்-ட. அது வெறும் குறிலாக இருந்தால் தாங்காது, அழுத்தம் ஒரு படி முன்னால் போய்விடும்: ˈசி-ன-ம, அ-ˈமெ-ரி-க. லத்தீனின் சொந்த விதி இது. எல்லா இடத்திலும் செல்லாது, ஆனால் அறிமுகமில்லாத சொல்லை ஊகிக்க நல்ல துணை.

பின்னொட்டு சேர்ந்து சொல் நீளும்போது வேரின் உயிர் குறுகுவதும் உண்டு. 'டிவைன்' நீண்டால் 'டிவினிட்டி'. 'ப்ரனவுன்ஸ்' என்ற வினை பெயராகும்போது 'ப்ரனன்சியேஷன்'. நடுவில் 'நவுன்' இல்லை, 'நன்' மட்டும்தான். உச்சரிப்பு என்று பொருள்படும் சொல்லையே ஏராளமானோர் தவறாக உச்சரிக்கிறார்கள், ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்கள் உட்பட.

இவ்வளவு பார்த்தாகிவிட்டது, இனி 45 எழுத்து அரக்கனிடம் போகலாம்: நியூமனோஅல்ட்ராமைக்ரோஸ்கோபிக்சிலிகோவால்கேனோகோனியோசிஸ். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலேயே இடம்பிடித்த சொல். ஆனால் மருத்துவர்கள் செய்த சொல் இல்லை. 1935-இல் அமெரிக்காவின் தேசியப் புதிர்ப் பிரியர்கள் சங்கத்தின் தலைவராக இருந்த எவரெட் ஸ்மித் விளையாட்டாகச் செய்தது. நுரையீரலில் தூசி படிவதால் வரும் நோய்க்கு நியூமோகோனியோசிஸ் என்ற உண்மையான சொல் ஏற்கெனவே இருந்தது. அந்த மாதிரிச் சொல்லைப் பிளந்து நடுவில் கையில் கிடைத்ததையெல்லாம் திணித்தால் இது வரும். நியூமனோ நுரையீரல், அல்ட்ரா அப்பாற்பட்ட, மைக்ரோ நுண்ணிய, ஸ்கோபிக் பார்வை சார்ந்த, சிலிகோ சிலிகா, வால்கேனோ எரிமலை, கோனி தூசி, ஓசிஸ் நோய்நிலை. எட்டுத் துண்டு. எரிமலையிலிருந்து வரும் மிக மிக நுண்ணிய சிலிகாத் தூசியால் நுரையீரலுக்கு வரும் நோய். மருத்துவமனையில் இதைச் சிலிகோசிஸ் என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள்.

அசை பத்தொன்பது. ஆனால் பத்தொன்பதாகச் சொன்னால் வராது. மூச்சுக்கு ஒன்றாக ஆறு கட்டுகளாகச் சொல்ல வேண்டும்: நியூ-ம-னோ, அல்-ட்ர, மை-க்ர-ஸ்கா-பிக், சி-லி-கோ, வால்-கே-னோ, கோ-னி-ˈஓ-சிஸ். ராஜா கடைசிக் கட்டில், 'ஓ' மேல். 'ஓசிஸ்' என்ற வால் வந்தால் பெரும்பாலும் அப்படித்தான். மற்ற கட்டுகள் ஒவ்வொன்றிலும் ஒரு குட்டி ராஜா உண்டு, ஒரு படி இறங்கிய அழுத்தம். மூன்றாவது கட்டில் 'இக்' விதிப்படி 'ஸ்கா' மேல் அது விழுவதைப் பாருங்கள். சொல்லுக்குள் சொல்லாக இருந்தாலும் விதி மாறவில்லை. இந்தச் சொல்லில் பொருள்மூட்டும் ஒலிமூட்டும் பெரும்பாலும் ஒன்றாகவே விழுகின்றன, அதனால் பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் சொல்ல எளிது. சும்மா நான்கு அசையுள்ள தெர்மாமீட்டர் இதைவிட ஏமாற்றுக்காரன்.

பழகும் முறை ஒன்று சொல்கிறேன். சொல்லைத் தொடக்கத்திலிருந்து சொல்லிப் பழகினால் நடுவில் தடுக்கி, மறுபடி முதலிலிருந்து தொடங்கி, தொடக்கம் மட்டும் நன்றாகப் பழகும், வால் பழகவே பழகாது. அதனால் பின்னாலிருந்து கட்டுங்கள். 'ரெஸ்பான்சிபிலிட்டி' என்ற ஆறு அசைச் சொல்: முதலில் 'டி'. பிறகு 'லி-டி'. பிறகு 'ˈபி-லி-டி', இதோ ராஜா, இங்கே நின்று நான்கைந்து முறை சொல்லுங்கள். அப்புறம் 'சி-ˈபி-லி-டி'. 'பான்-சி-ˈபி-லி-டி'. 'ரி-ஸ்பான்-சி-ˈபி-லி-டி'. ஒவ்வொரு தடவையும் தெரியாத இடத்தில் தொடங்கித் தெரிந்த இடத்தில் முடிக்கிறீர்கள், அதனால் நாக்குக்குத் தைரியம் கூடிக்கொண்டே போகும். மொழி ஆசிரியர்கள் நெடுங்காலமாகச் செய்வதுதான் இது.

அகராதியில் சொல்லின் நடுவில் வரும் புள்ளிகளைப் பற்றி ஒரு வார்த்தை. அவை அசையைக் காட்டுகின்றன என்றுதான் பலர் நினைக்கிறார்கள். முக்கியமாக அவை அச்சில் வரி முடியும்போது சொல்லை எங்கே உடைக்கலாம் என்பதற்கான குறிகள். அதனால்தான் 'அபவுட்' போன்ற சொல்லில் இரண்டு அசை இருந்தும் சில அகராதிகள் புள்ளி போடுவதில்லை. ஒற்றை எழுத்தை வரியின் கடைசியில் தனியாக விடுவது அசிங்கம். இதிலும் இரண்டு கட்சி. பிரிட்டிஷ் மரபு பொருளின் மூட்டைப் பார்த்து உடைக்கும், அமெரிக்க மரபு ஒலியைப் பார்த்து உடைக்கும். 'நாலெட்ஜ்' என்ற சொல்லை ஒரு மரபு 'டபிள்யூ' எழுத்துக்குப் பின்னால் உடைக்கிறது. இன்னொன்று 'எல்' எழுத்துக்குப் பின்னால். இரண்டையும் பார்க்காமல் கண்டபடி உடைத்தால் விபரீதம்தான். கொலைக்குற்றம் என்று பொருள்படும் 'மேன்ஸ்லாட்டர்' சொல்லை 'எஸ்' எழுத்துக்குப் பின்னால் உடைத்தால், அடுத்த வரியில் 'லாஃப்டர்', சிரிப்பு, வந்து நிற்கும். மெய்ப்புத் திருத்துபவர்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். உச்சரிப்பு வேண்டுமென்றால் அந்தப் புள்ளிகளை விட்டுவிட்டு, பக்கத்தில் சாய்கோடுகளுக்குள் இருக்கும் ஒலிக்குறிப்பைப் பாருங்கள்.

எழுத்தில் இருந்தும் வாயில் தொலைந்துபோகும் அசைகளையும் அங்கேதான் பிடிக்கலாம். 'கம்ஃபர்டபிள்' எழுத்துப்படி நான்கு அசை, பேச்சில் ˈகம்ஃப்-ட-பிள், மூன்றுதான். 'வெஜிடபிள்' என்பதும் மூன்று: ˈவெஜ்-ட-பிள். 'இன்ட்ரஸ்டிங்' நான்காக எழுதி மூன்றாகச் சொல்லப்படுவது. ராஜாவுக்குப் பக்கத்திலேயே நிற்கும் மெலிந்த அசைதான் பெரும்பாலும் இப்படி விழுங்கப்படுகிறது. 'லேபரட்டரி' என்பதில் அமெரிக்கர்கள் முதல் அசையை அழுத்தி அடுத்ததை விழுங்குகிறார்கள், பிரிட்டிஷார் இரண்டாவதை அழுத்தி வேறொன்றை விழுங்குகிறார்கள். இரண்டுமே சரி.

கடைசியாக, நீங்களே கை வைத்துப் பார்க்க ஒரு சொல். காது, மூக்கு, தொண்டை மருத்துவத்துக்கு 19 எழுத்தில் ஒரு பெயர் உண்டு: ஓட்டோரைனோலாரிங்காலஜி. ஓட்டோ காது, ரைனோ மூக்கு (காண்டாமிருகத்தின் ஆங்கிலப் பெயரில் இருப்பதும் இதே மூக்குதான்), லாரிங்கோ குரல்வளை, லஜி இயல். வால் 'லஜி', ஆகவே அழுத்தம் கடைசியிலிருந்து மூன்றாவது அசையில். 'ஜி', 'ல-ஜி', 'ˈகா-ல-ஜி' என்று பின்னாலிருந்து கட்டிக்கொண்டு போங்கள். ஒன்பது அசை வந்தால் சரியாகப் பிரித்திருக்கிறீர்கள்: ஓ-டோ-ரை-னோ-லா-ரிங்-ˈகா-ல-ஜி.